விசுவாசமும் வெளிநோயாளர் வரிசையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கந்தளாயில் நடைபெற்ற ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நூற்றாண்டு விழாவின் பெரிய நிகழ்ச்சிகள் பாடசாலை மண்டபத்திலேயே நடந்தேறின. ஆனாலும் கந்தளாய்ப் பக்கத்தில் குடியிருக்கின்ற, வேலை செய்கின்ற பழைய மாணவிகளும் ஒருநாள் ஒன்றுகூடவேண்டும் என்று செயலாளர் அக்கா விடாப்பிடியாக நின்றார். அதனால்தான் இன்று இங்கே இருக்கிறோம். அவருக்கு எங்கள் முதல் நன்றி. "அன்றாட நடத்தையில் கிறிஸ்தவ விசுவாசம்" என்று தலைப்பையும் அவரே தந்தார். போதகர் முன்வரிசையில் இருக்கும்போது வைத்தியர் பிரசங்கம் பண்ணுவது அழகல்ல. ஆகவே பிரசங்கத்தை அவருக்கே விட்டுவிட்டு, வைத்தியசாலையில் நாங்கள் கண்டதையும் செய்ததையும் செய்யத் தவறியதையும் சொல்லப்போகிறோம்.

இங்கே இருக்கிறவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதை மறக்கவில்லை. நம் வகுப்புகளில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் எப்போதும் இருந்தார்கள். காலைக் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் எழுந்து நின்றோம். அந்தப் பாடசாலையில் சமயபாடத்தில் படித்ததைவிட, ஆசிரியைகள் நடந்துகொண்ட விதத்தில் பார்த்துப் படித்தது அதிகம். அது எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் பொதுவாகக் கிடைத்தது. அந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறோம்.

ஒரு சிறு சம்பவம். ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் தவணைப் பரீட்சை. கணித விடைத்தாள் திருப்பித் தரப்பட்டது. எங்கள் தோழி ஒருத்தி புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தாள். ஆசிரியை தவறுதலாக ஐந்து புள்ளி கூடுதலாகப் போட்டிருந்தார். அந்த ஐந்தினால் அவள் வகுப்பில் முதலாவதாக இருந்தாள். மேசைக்குப் போய்ச் சொன்னாள். ஆசிரியை வாங்கிப் பார்த்தார். பழைய எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தன் முதலெழுத்துகளைப் போட்டார். "கூட்டினது என்ர பிழை. சொன்னதுக்கு நன்றி" என்றார். அவ்வளவுதான். கைதட்டலும் இல்லை, பரிசளிப்பில் பாராட்டும் இல்லை. அவள் முதலிடத்தை இழந்தாள். பழைய எண்ணை ஆசிரியை ஏன் அழிறப்பரால் அழிக்கவில்லை என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. பிற்காலத்தில் வைத்தியசாலையில்தான் அது விளங்கியது.

இனி, சொல்வதற்குக் கஷ்டமான விடயத்துக்கு வருகிறோம்.

பல வருடங்களுக்கு முன்னர், வேறொரு மாவட்டத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு வைத்தியசாலை. டெங்குக் காலம். வெளிநோயாளர் பிரிவில் அன்று நாங்கள் வைத்தியர்கள் இருவர். வரிசை வாசலைத் தாண்டி மரத்தடிவரை நின்றது. நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தார். காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள். பிள்ளை சோர்ந்திருந்தது, ஆனால் தண்ணீர் குடித்தது. சோதித்துப் பார்த்தோம். பரசிற்றமோல் பாணி எழுதினோம். "நாளைக்குக் காலமை இரத்தம் பரிசோதிக்கக் கொண்டு வாங்கோ. வேறு காய்ச்சல் மருந்து குடுக்க வேண்டாம். வயிற்றுநோவு, சத்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், இதில ஏதாவது எண்டால் உடனே வாங்கோ" என்று சொன்னோம். தாய் தலையாட்டினார். "ஹரி, மிஸ்" என்றார். அடுத்த துண்டை எடுத்தோம்.

அந்தத் தாய் சிங்களவர். கணவனின் வேலைக்காக அந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் சொன்னது முழுவதும் தமிழில், அதுவும் வேகமான தமிழில்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதன்பிறகு ஓர் இரவு வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை சுகமாகிவிட்டது என்று அவர் நம்பியிருந்தார். டெங்குவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். ஆபத்து அப்போதுதான் வரும். பிள்ளையின் கைகால் சில்லிட்டிருந்தன. நாடி மெலிந்திருந்தது. சேலைன் ஏற்றி, அன்றிரவே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம், கடவுளுக்கு நன்றியோடு.

அன்றிரவு பிள்ளையை அம்புலன்சில் ஏற்றிய பிறகு நோயாளியின் பதிவுத்தாளை எழுதி முடிக்கவேண்டியிருந்தது. நாங்கள் எழுதியது இது: "மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு தாய்க்கு அறிவுறுத்தப்பட்டது. தாய் சமுகமளிக்கவில்லை." இதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. அறிவுறுத்தியது உண்மை, வராததும் உண்மை. ஆனால் வாசிக்கிறவர் எவரும், பொறுப்பில்லாத தாய் என்றுதான் நினைப்பார். நினைக்கட்டும் என்றுதான் எழுதினோம்.

"நாங்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விருப்பமில்லை. வைத்தியர்கள் இருவர் இருந்தோம். அவர்களில் பேனா பிடித்த கைதான் இப்போது இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறது.

விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் அந்தத் தாளை வாசித்தார். அவர் ஒரு சிங்களப் பௌத்தர். எங்களைவிட இருபது வயது மூத்தவர். அவருக்குத் தெரிந்த தமிழில், மெதுவாகக் கேட்டார்: "டொக்டர், அவவுக்கு எந்தப் பாஷையில சொன்னது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி மறுபக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் அதற்குப் பிறகும் எத்தனை கந்தோர்களில், எத்தனை பொலிஸ் நிலையங்களில், விளங்காத படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறோம்! நம் அம்மாமார் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னவங்கள்?" என்று நம்மைக் கேட்டதில்லையா? அந்த வேதனையை அனுபவித்த நாங்கள், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் அதையே இன்னொரு தாய்க்குச் செய்தோம். வேண்டுமென்று செய்யவில்லை. வரிசை நீளமாக இருந்தது, அதனால் செய்தோம். அன்றாட வாழ்வில் நாம் செய்யும் தீங்குகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. வெறுப்பினால் அல்ல, அவசரத்தினால்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் புறப்பட்டோம். போகிற வழியில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்தது. காணிக்கையுடன் பலிபீடத்தண்டை நிற்கும்போது ஒருவருக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ என்கிற கருத்து. ஞாயிறு பாடசாலையில் மனனம் செய்த பகுதி. சின்ன வயதில் அதற்காக ஒரு வண்ணப்பட அட்டையும் பரிசாகக் கிடைத்தது. அந்தப் பகுதி நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று அன்றுவரை தோன்றியதில்லை. ஆலயத்துக்குப் போகவில்லை. பஸ் ஏறினோம். கூட வேலை செய்த மற்ற வைத்தியர் சைவர். விடயத்தைச் சொன்னதும், "நானும் வாறன், ரெண்டு பேரும்தானே இருந்தனாங்கள்" என்று அவரும் வந்தார்.

எங்களைக் கண்டதும் அந்தத் தாய் பயந்து எழுந்தார். கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அரைகுறைச் சிங்களத்தில், எழுதி வைத்துப் பாடமாக்கியதைச் சொன்னோம். பிழை உங்களுடையது அல்ல, எங்களுடையது. விளங்காத பாஷையில் சொன்னோம். விளங்கியதா என்று கேட்கவுமில்லை. "சமாவென்ன" என்றோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கதைகளில் வருவதுபோல் கட்டிப்பிடித்து அழவும் இல்லை. சற்று நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இனிக் காய்ச்சல் வந்தால் எத்தனையாம் நாள் இரத்தம் பார்க்கவேணும்?" என்று சிங்களத்தில் கேட்டார். அவருக்கு வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. மெதுவாகச் சொன்னோம். "தேருணாத?" என்று கேட்டோம். விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். ஒன்றுவிடாமல் சொன்னார். முதல் நாளே இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை பதிவுத்தாளை எடுத்தோம். வைத்தியப் பதிவில் எதையும் அழிக்கக்கூடாது. பழையது தெரியும்படி இருக்க, கீழே திகதியும் நேரமும் போட்டு எழுதி ஒப்பமிடவேண்டும். "தாய்க்கு அறிவுறுத்தல் தமிழில் வழங்கப்பட்டது. தாய் சிங்களம் பேசுபவர். விளங்கிக்கொண்டாரா என்று உறுதிசெய்யப்படவில்லை" என்று எழுதி ஒப்பமிட்டோம். அப்போதுதான் அந்தக் கணித ஆசிரியை நினைவுக்கு வந்தார். ஒரு கோடு, சரியான எண், முதலெழுத்துகள். பிழை இருந்தது தெரியவேண்டும், திருத்தியது யார் என்பதும் தெரியவேண்டும். அவர் நமக்குக் கணிதம் மட்டும் கற்பிக்கவில்லை.

விசேட வைத்திய நிபுணர் அதை வாசித்தார். எங்களை நன்றாகக் கடிந்துகொண்டார். கடிந்து முடித்த பிறகு, காய்ச்சலுடன் வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு இரண்டு மொழியிலும் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரிக்கச் சொன்னார். அந்தக் கிழமையே அது வந்தது. நாங்கள் எழுதிய முதல் வரியோடு விட்டிருந்தால் அந்தத் துண்டு வந்திருக்காது. குற்றம் தாயினுடையது என்றால் வைத்தியசாலை எதற்கு மாறவேண்டும்? உண்மையைச் சொல்வது சொல்கிறவரின் ஆத்துமாவுக்கு மட்டும் நல்லது என்று நினைத்திருந்தோம். அடுத்த பிள்ளையின் உயிருக்கும் அது நல்லது என்று அன்று கண்டோம். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானார்கள். நம் மாவட்டத்தில் கிண்ணியா அந்த ஆண்டு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில், எவ்வளவு நீண்ட வரிசையாக இருந்தாலும், "விளங்கினதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டோம்.

அன்பானவர்களே, நோயாளியின் மொழியில் பேசுவது எங்களுடைய புதுக் கண்டுபிடிப்பு அல்ல. நம் மண்ணில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பாரம்பரியம் உண்டு. 1822இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார், மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். 1860களில் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். நூல்கள் இல்லை, ஆகவே நூல்களை உண்டாக்கினார். "பிரசவ வைத்தியம்" 1857இலும், "இரண வைத்தியம்" 1867இலும், "மனுஷ அங்காதிபாதம்" 1872இலும் வெளிவந்தன. ஒரு நரம்புக்கும் ஒரு எலும்புக்கும் தமிழில் பெயர் தேடி, உள்ளூர் அறிஞர்களுடன் இருந்து சொல் சொல்லாக எழுதினார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60க்கும் மேற்பட்டோர். 1873இல் சுகவீனத்தோடு ஊர் திரும்பி 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அவர் மிஷனரி. சமயம் பரப்பத்தான் வந்தார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவருடைய பிரசங்கங்கள் இன்று நமக்கு ஞாபகமில்லை. நோயாளி ஆங்கிலம் படித்து வரட்டும் என்று காத்திராமல், வைத்தியர் நோயாளியின் பாஷையைப் படிக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தது ஞாபகமிருக்கிறது. இரவிரவாக விளக்கு வெளிச்சத்தில் சொல் தேடுவது பரிசுத்தமான வேலையாக யாருக்கும் தோன்றாது. நமக்கு அதுதான் அவருடைய விசுவாசத்தின் அத்தாட்சி.

பெண்களிலும் ஒருவரைச் சொல்லவேண்டும். கனடாவில் பிறந்த வைத்தியர் மேரி இரட்ணம் 1896இல் இலங்கைக்கு வந்தார். மிஷன் வைத்தியராக வந்தவர், ஒரு தமிழரை மணந்தார். அந்த மணத்தை மிஷன் வட்டாரம் ஏற்கவில்லை. அவருடைய இடம் போயிற்று. எல்லா மனிதரும் தேவ சாயல் என்று ஞாயிறுதோறும் சொன்னவர்களால், திங்கட்கிழமை ஒரு கலப்பு மணத்தைத் தாங்க முடியவில்லை. நம் விசுவாசம் தவறும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. அவர் கசப்போடு கப்பலேறவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடநூல் எழுதினார். 1930இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தன்னை ஒதுக்கியவர்களுக்கு அவர் கொடுத்த மறுமொழி, அறுபது வருட வேலை.

இப்போது நமக்கு எல்லோருக்கும் தெரிந்த நல்ல சமாரியன் கதைக்கு ஒரு நிமிடம் வருவோம். லூக்கா பத்தாம் அதிகாரம். ஆசாரியனும் லேவியனும் விலகிப்போனார்கள், சமாரியன் நின்றான் என்பதோடு நாம் கதையை முடித்துவிடுவது வழக்கம். அவன் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான். அதற்குப் பிறகு சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். வைத்தியர் என்ற முறையில் எங்களுக்குப் பிடித்த இடம் அதுதான். உணர்ச்சிவசப்பட்டு ஒருமுறை உதவுவது பலருக்கும் முடியும். திரும்பி வருவதும், கணக்குத் தீர்ப்பதும், நோயாளி என்ன ஆனார் என்று விசாரிப்பதும்தான் கடினம். இன்னொன்றும் உண்டு. கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சமாரியன் வேற்றினத்தான், அவனுடைய வழிபாடு சரியில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் கதையிலும் அப்படித்தான் நடந்தது. கிறிஸ்தவப் பாடசாலையில் படித்த வைத்தியருக்குக் கிறிஸ்தவ நடத்தையை நினைப்பூட்டியவர் ஒரு பௌத்த சிஸ்டர். சமாரியனை எங்கே காண்போம் என்று நாம் முன்கூட்டித் தீர்மானிக்கக்கூடாது.

கந்தளாயில் நின்று பேசுவதால் இந்த ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று நம் மரபு சொல்கிறது. இரண்டாம் அக்கபோதி மன்னன் என்று சிங்கள மரபு சொல்கிறது. யார் கட்டியிருந்தாலும், அதன் நீர் சிங்களவரின் வயலுக்கும் முஸ்லிம்களின் வயலுக்கும் தமிழரின் வயலுக்கும் பாய்கிறது; திருகோணமலை நகரத்தில் நாம் குடிக்கும் தண்ணீரும் இங்கிருந்து போகிறது. எங்கள் வெளிநோயாளர் வரிசையும் அப்படித்தான். குடியேற்றத்திலிருந்து ஒரு ஆத்தம்மா, பேராற்றிலிருந்து ஒரு உம்மா, அவர்களுக்குப் பின்னால் நம் அம்மம்மா ஒருவர். மூவருக்கும் முழங்கால் நோவு ஒன்றுதான்.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் குளத்தின் கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே அள்ளுண்டு போனார்கள். நம்மில் பலர் அப்போது சிறு பிள்ளைகள். அன்று கூரையில் ஏறித் தப்பியவர்கள் இன்றும் கிளினிக்குக்கு வருகிறார்கள். பெருமழை பெய்தால் இரத்த அழுத்தம் கூடிவிடுகிறது என்று சொல்கிறார்கள். மண்கட்டில் எங்காவது ஈரம் ஊறுவதைக் கண்டால் அன்றைக்கே சொல்லவேண்டும் என்பது நீர்ப்பாசன வேலை தெரிந்தவர்களுக்குப் பாலபாடம். யாருடைய குற்றம் என்று பிறகு பார்க்கலாம், முதலில் சொல்லவேண்டும். வைத்தியசாலையிலும் வீட்டிலும் சபையிலும் அதுவே சரி. நாம் மறைக்கிற சிறு பிழைக்குக் கீழே யாரோ ஒருவர் நம்பிப் படுத்துறங்குகிறார்.

ஆகவே, பழைய மாணவிகளாகிய நம்மால் செய்யக்கூடிய நான்கு காரியங்களை மட்டும் சொல்லி முடிக்கிறோம். பெரிய காரியங்கள் அல்ல, திங்கட்கிழமையே தொடங்கலாம்.

முதலாவது, அயலவரின் பாஷையில் இருபது வசனம் படிப்போம். நமக்கு இங்கே சிங்களம். கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற சகோதரிகளே, உங்கள் அலுவலக மேசைக்கு முன்னால், புதிதாக வந்து இறங்கிய யாரோ ஒரு தாய் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நிற்பார். சிரியாவோ சோமாலியாவோ எந்த நாடாகவும் இருக்கலாம். நாம் வந்த புதிதில் அப்படி நின்றவர்கள்தான். விளங்கியதா என்று கேளுங்கள், திருப்பிச் சொல்ல வையுங்கள். எட்டு வயது மகனை வைத்துத் தாயின் நோயை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

இரண்டாவது, நமது பிழையை மற்றவர் கண்டுபிடிக்குமுன் நாமே சொல்வோம். வேலைத்தலத்தில் மட்டுமல்ல. பிள்ளையை அநியாயமாக ஏசிவிட்டால் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்பது தாயின் மதிப்பைக் குறைக்காது. வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளையிடமும் கேட்கலாம். அவருக்குக் குறித்த நாளில் சம்பளம் கொடுப்பதும் இதற்குள் அடங்கும்.

மூன்றாவது, இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், கோபிக்கவும் கூடும். வரிசையில் நிற்போம். "டொக்டர், நான் உங்களுக்கு இரண்டு வகுப்பு மூத்தவ, அம்மாவை முதலில பார்க்க ஏலுமா?" என்று எங்களுக்கு எத்தனை தொலைபேசி அழைப்பு வருகிறது தெரியுமா? சங்கத்தின் மீதுள்ள பாசத்தில் பலமுறை ஓம் என்றும் சொல்லியிருக்கிறோம். அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் அம்மா ஒருவர் முன்னே போனால், விடியற்காலை நான்கு மணிக்கு முதல் பஸ் ஏறி வந்த யாரோ ஒருவருடைய அம்மா பின்னே போகிறார். அவசர நோய் என்றால் யாரும் கேட்கத் தேவையில்லை, நாங்களே முதலில் எடுப்போம். மற்றப்படி, இனி அழைக்கும் அக்காமாருக்கு அன்போடு இல்லை என்று சொல்லப்போகிறோம். இன்றே முன்னறிவித்தல் கொடுத்துவிட்டோம்.

நான்காவது, திரும்பிப் போய் விசாரிப்போம். செத்தவீட்டுக்குப் போகிறோம், எட்டாம் நாளுக்கும் போகிறோம். மூன்றாம் மாதத்தில் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்? அந்த மாதத்தில்தான் விதவையான தோழிக்கு வங்கிப் படிவம் நிரப்ப ஆள் தேவைப்படுகிறது. சங்கத்தின் நிதியில் ஒரு கட்டடம் எழும்பினால் சந்தோஷம். அதைவிட, ஒவ்வொரு வகுப்புக் குழுவிலும் தனித்துப்போன ஒருத்திக்கு மாதம் ஒருமுறை யாராவது பேசினால் அது பெரிய காரியம்.

இந்த நான்கில் எதையும் நாங்கள் முழுமையாகச் செய்து முடித்தவர்கள் அல்லர். போன கிழமைகூட வரிசை நீண்டபோது ஒரு வயோதிபரின் பேச்சை இடையில் வெட்டினோம். வெளியே போனவரைப் பிறகு தேடிப்போய்த் திருப்பி அழைத்துவந்தோம். அவர் சொல்ல வந்தது, குளிசை முடிந்து பத்து நாள் என்பதை. கேட்காமல் விட்டிருந்தால் அவரும் சொல்லாமலே போயிருப்பார்.

அந்தச் சிறுமிக்கு இப்போது பல வயதாகியிருக்கும். எங்களை அவளுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஆனால் "எந்தப் பாஷையில சொன்னது?" என்ற அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் வெளிநோயாளர் பிரிவின் கதவைத் திறக்கும்போது எங்களுடன் உள்ளே வருகிறது. நமது பாடசாலையின் அடுத்த நூறு வருடத்தில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போவோம். ஐந்து புள்ளியைத் திருப்பிக் கொடுத்த தோழி இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொன்னால் அடிப்பாள் என்பதால் சொல்லவில்லை. அன்று அவளுக்குக் கைதட்டாமல் விட்டோம். இப்போதாவது எல்லோருமாக ஒருமுறை கைதட்டுவோம்.

கர்த்தர் நமது பாடசாலையையும், உலகெங்கும் இருக்கும் நம் சகோதரிகளையும், இந்தக் கந்தளாய் மண்ணில் வாழும் எல்லா மக்களையும் ஆசீர்வதிப்பாராக.